ஆடு போட்ட குல்லா

மே 4, ஞாயிறு

ராமேஸ்வரம் வந்து சேர்ந்தோம். தலைப்பிரசவத்துக்குப் பொண்ணுதான் தாய்வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் கனகக்கா படுத்தே இருக்கணும், பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதனால் எங்கம்மா தாய்வீட்டையே மூட்டை கட்டிக்கொண்டு ஆர்.எஸ்.மங்கலத்தில் பஸ் ஏறிவிட்டாள். அரிசி, புளி, அம்மிக்குழவி, நான். அம்மியை மட்டும் கெஞ்சி இறக்க வைத்தேன். அய்யா ஆடு மாட்டோடு ஊரில். கொடுத்து வைத்த மனுசன்.

பாம்பன் பாலத்தில் பஸ்ஸே எழுந்து நின்று கடலைப் பார்க்கிறது. முன்சீட்டு வடநாட்டு அம்மா மட்டும் தலை நிமிரவில்லை. கையில் ரெண்டு ஊசி, மடியில் நூல்கண்டு, ஸ்வெட்டர் பின்னுகிறார். மே மாசம்! இந்த வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர்? சூரியனுக்கா?

மே 5, திங்கள்

அக்கா நாள் முழுக்க ஃபேனைப் பார்த்தபடி கிடக்கிறாள். "ஏதாச்சும் சொல்லுடி சிநேகா. இந்த ஃபேனுக்கு மூணு ரெக்கைன்னு எனக்கு எப்பவோ தெரிஞ்சு போச்சு."

பஸ் ஸ்வெட்டரைச் சொன்னேன். சிரித்தாள். உடனே ஓர் ஆட்டம் பிறந்தது. ஊரில் எங்கெல்லாம் ஆட்கள் உட்கார்ந்து பின்னுகிறார்கள் என்று நான் கண்டுபிடித்து வந்து சொல்ல வேண்டும். அக்கா படுத்தபடியே நடுவர்.

அக்னி தீர்த்தக் கரையில் முதல் வேட்டை. குளித்த ஈரம் காயாமல் நாலு வடநாட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பின்னுகிறார்கள். வாய் ஒருபக்கம், கை ஒருபக்கம். கையைப் பார்க்காமலே! அவர்கள் பின்ன, நான் பின்னாலேயே நிற்க, ஒருத்தர் திரும்பிப் பார்த்து எனக்கு வேர்க்கடலை கொடுத்தார்.

வரும் வழியில் அக்கா தெரு மீனவர் இமானுவேல் அண்ணன் வலை பின்னிக்கொண்டிருந்தார். அதையும் சேர்த்தேன். நடுவர் கையைத் தூக்கிவிட்டாள்.

"வலை செல்லாது. ரெண்டு ஊசி, நூல்கண்டு, பொது இடம். இதான் சட்டம்."

"தலை பின்னுறது?"

"வெளிய போடி."

மே 7, புதன்

டீக்கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். கொண்டையில் ரெண்டு குச்சி சொருகியிருந்தார். அலங்காரம் என்று நினைத்தேன். டீ வந்ததும் சரக்கென்று உருவினார். கொண்டை அவிழ்ந்தது, பின்னல் ஆரம்பித்தது! டீ மாஸ்டர் வாய் பிளந்ததில் டீ வழிந்தது. இதை நடித்துக் காட்டியதும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதடி, வயிறு குலுங்குது" என்று அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துவேனா? "அந்த அக்காகிட்டயே பாப்பாவுக்கு ஒரு சட்டை பின்னச் சொல்லவா?" என்றேன்.

அக்கா திரும்பவும் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும் முன் அதுக்கென்று ஒரு நூல்கூட வாங்கக் கூடாது. பிறந்த பிறகும் முதல் துணி யாராவது உடுத்திய பழசாகத்தான் இருக்க வேண்டும். போன வருஷம் அக்கா ஆசைப்பட்டு மஞ்சள் கவுன் ஒன்று வாங்கி வைத்தாள். அந்தப் பிள்ளை அஞ்சாம் மாசம் தங்காமல் போய்விட்டது. கவுன் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கு இந்தச் சட்டம் இரும்பு.

முதலில் என் வாயைத் தைக்கணும். ரெண்டு ஊசி பத்தாது.

மே 9, வெள்ளி

ஐயோ.

ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரம். கடைசி பெஞ்சில் ஓர் ஆள் பேப்பரை விரித்து முகத்தை மறைத்திருந்தார். பேப்பருக்குக் கீழே ரெண்டு ஊசி முனை மேலும் கீழும் போய் வருகிறது. ஆம்பளை! அக்கா இதுக்கு டபுளாக மார்க் போடுவாள் என்று பூனை மாதிரி பின்னால் போய் செல்போனைத் தூக்கினேன். பேப்பர் சரிந்தது.

எங்க அத்தான்.

வசந்தகுமார் அத்தான்! அக்கா வீட்டுக்காரர், லாட்ஜ் மேனேஜர்! இஸ்திரி கலையாமல் சட்டை போடுகிற, சிரிக்கக்கூட ரசீது கேட்கிற அத்தான்! கையில் காவி கலரில் குட்டியாக ஒரு குல்லா. அவர் முகமும் கிட்டத்தட்ட அதே கலர்.

"வீட்ல சொல்லிராத, சிநேகா."

"யாரு அத்தான் கத்துக் கொடுத்தா?"

"யூடியூப். அந்தம்மா இந்தியில பேசுது. நான் கையை மட்டும் பாத்துக்கிட்டேன்." லாட்ஜில் தங்கிய யாரோ விட்டுப்போன ஊசியும் நூலுமாம்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா உங்களையே பிரிச்சு நூலாக்கிரும்."

"தெரியும். அதான் இங்கன வாரேன்." ஊசியில் இன்னொரு கண்ணியை ஏற்றினார். "கை சும்மா இருந்தா போன வருஷம் ஞாபகம் வருது. பின்னுறப்ப கண்ணி விட்டுருமோன்னுதான் பயம். வேற பயம் வரமாட்டேங்குது."

கேலி பண்ண வாயில் ஏழெட்டு வரிசையாக நின்றது. செல்போனை உள்ளே வைத்துவிட்டேன்.

மே 10, சனி

"இன்னைக்கு யாரு?" என்றாள் அக்கா. யாரும் இல்லை என்றேன். என் வாழ்க்கையில் கஷ்டப்பட்டுச் சொன்ன பொய் இதுதான்.

மே 12, திங்கள்

மாட்டிக்கிட்டோம். சோத்து டப்பா வைக்க அத்தான் பையை அம்மா திறந்தாள். குல்லா வெளியே வந்தது. முழுசாகப் பின்னி முடித்து, உச்சியில் குஞ்சம் வேறு.

அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. உள்ளேயிருந்து அக்கா, "என்னம்மா சத்தத்தையே காணோம்?" என்றாள். அவளுக்கு மட்டும் தெரிஞ்சா என்ன ஆகும்? நாள் பூரா அதையே நினைச்சுக்கிட்டுக் கிடப்பாளே!

"அது என்னுது!" என்று பாய்ந்தேன்.

"உன் தலைக்கா? இத்தனூண்டா?"

"எனக்கில்லம்மா, ஆட்டுக்கு! பக்கத்து வீட்டு மதார் அண்ணன் ஆட்டுக்குட்டிக்கு. ரீல்ஸ் எடுக்க!"

"ஆமா அத்தை, ஆட்டுக்குத்தான்" என்றார் அத்தான். அரிச்சந்திரன் பேரன் மாதிரி முகம்.

சொன்னால் போதுமா? செய்து காட்ட வேண்டுமே. அம்மா வாசலில் நின்று பார்க்க, பிடுங்கிக்கொண்டு ஓடி ஆட்டுக்குட்டி தலையில் மாட்டினேன். காது ரெண்டும் உள்ளே போயும் இடம் மிச்சம். அத்தான் அளவே எடுக்கலை போல.

மே 13, செவ்வாய்

தெருவே கூடிவிட்டது. "ஏம்மா, குளிருதுன்னு என் ஆடு உன்கிட்ட வந்து அழுதுச்சா?" என்கிறார் மதார் அண்ணன். ஆடு பெருமையாக வலம் வந்தது. பிறகு குல்லாவைக் கழற்றிப் போட்டு, குஞ்சத்தைத் தின்று, ஓரத்தையும் ஒரு கடி கடித்தது.

சாயங்காலம் அத்தான் வந்து பார்த்தார். "போகுது விடு" என்று சிரித்தார். காது மட்டும் சிவந்து கிடந்தது.

மிச்சத்தைக் கொடியில் போட்டேன்.

மே 14, புதன்

கொடியில் குல்லா இல்லை. ஆட்டைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அசை போடுகிறது. நான் காப்பாத்தினேனா, கெடுத்தேனா?

மே 17, சனி

வலி வந்துவிட்டது. ஆட்டோ. ஆஸ்பத்திரி. கதவைச் சாத்திட்டாங்க. அத்தான் விரல் வெறும் காற்றில் பின்னிக்கொண்டிருந்தது. என் துப்பட்டா நுனியைக் கொடுத்தேன். முறுக்கியே கயிறாக்கிவிட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சாமியையோ மிரட்டிக்கொண்டிருந்தாள். கனகக்கா, நீ வெளிய வா, ஆயிரம் பேரைக் கண்டுபிடிச்சுச் சொல்றேன்.

மே 18, ஞாயிறு

பொண்ணு! என்னை மாதிரியே வாய். வந்ததிலிருந்து மூடவில்லை. அக்கா நல்லா இருக்கா. நல்லா இருக்கா!

அந்த ரூமில் ஏசி ஊர்ப்பட்ட குளிர். "பிள்ளை தலைக்கு ஏதாச்சும் போடுங்க" என்றார் நர்ஸ். அம்மா தன் மஞ்சப்பையைத் திறந்தாள். அய்யாவின் பழைய வேட்டித் துணி வந்தது. அதுக்கடியில் காவி கலர்.

குல்லா! வெந்நீரில் துவைத்து, மடித்து. ஆடு கடித்த ஓரத்தில் பச்சை நூலில் தையல். அது அம்மாவின் பச்சை ஜாக்கெட்டுக்கு வாங்கிய நூல்.

"புதுசில்லையே. ஒரு ஆளு போட்டதுதானே" என்றாள் யாரையும் பார்க்காமல்.

குல்லா பாப்பாவுக்கு மூக்கு வரை இறங்கியது. அம்மா அதைச் சுருட்டி நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

"மாப்ளே, அடுத்தது கொஞ்சம் சின்னதாப் பின்னுங்க."

மே 20, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராண்டா. நடு பெஞ்சில் ஓர் ஆம்பளை, ரெண்டு ஊசி, முகத்துக்குப் பேப்பர் இல்லை. பக்கத்தில் எங்கம்மா நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு, "இழுக்காதீங்க, மெதுவா" என்று மிரட்டுகிறாள். ஓடிப்போய் நடுவரிடம் சொன்னேன்.

பாப்பாவைத் தட்டிக்கொண்டே யோசித்துவிட்டு, "செல்லும்" என்றாள்.