பீடம் வரை நாற்பது காலடி

என் மனைவிக்கு,

1. 03.08.2025: நம் மகள் அஞ்சலாவின் முதலாம் திருமண அறிவித்தல் வாசிக்கப்பட்ட ஞாயிறு பூசையில் எனக்கு மூச்சு முட்டி, உடல் நடுங்கியது. தோட்டவெளிச் சம்பந்தி வீட்டாரிடம் வெயில் என்று சொன்னாய்.
2. 07.08.2025: என் கிளினிக் அட்டையை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்தாய்.
3. 10.08.2025: திருமணத்தன்று அவளைக் கைபிடித்துப் பீடத்துக்கு அழைத்துச் செல்ல, என்னைக் கேளாமலே உன் அண்ணன் றொட்னியை ஒழுங்குசெய்தாய்.

இது இதயநோயும் அல்ல, பைத்தியமும் அல்ல. பதற்றநோய் என்று வைத்தியர் உன் முன்னால்தான் சொன்னார். சாவு வந்துவிட்டது போலிருக்கும். சில நிமிடங்களில் தணிந்துவிடும். நீயோ, "சனம் பார்க்க விழுந்தியளெண்டால் பிள்ளையின்ர மானம் என்னாகும்?" என்றாய்.

அந்த முதல் அறிவித்தல் அன்று, கோவில் வாங்கில் பக்கத்தில் அமர்ந்து என் கையைப் பிடித்தவள் அந்தப் பிள்ளைதான். "அப்பா, எண்ணுங்கோ. நானும் எண்ணுறன்," என்றாள். இருநூறைத் தாண்டியபோது மூச்சுத் திரும்பியது.

கோவில் வாசலிலிருந்து பீடம் வரை நாற்பது காலடி. நேற்று யாரும் இல்லாத நேரத்தில் நடந்து பார்த்தேன். இரண்டு இடத்தில் நின்று எண்ணினேன். விழவில்லை.

நான் வாய்திறந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்கிறாய், ஆகவே எழுதுகிறேன். ஞாயிறு வாசிக்கும் மூன்றாவதும் கடைசியுமான அறிவித்தலுக்கு முன், 16.08.2025 சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள், அவளோடு நடப்பது யார் என்று எழுத்தில் பதில் தா. கதவுக்குக் கீழே தள்ளிவிடு. பக்கத்து அறையில்தான் இருக்கிறேன்.

அவளுடைய அப்பா