பாலத்துக்கு அப்பால் செல்லாது

சிங்கப்பூர்
3.3.2024

அன்புள்ள அத்தானுக்கு உங்கள் மனைவி எழுதுவது,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால்தான் கடிதம். நலம்தானே? பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

பத்தொன்பது வருடமாக இங்கே நர்ஸ். ஆனால் என் லைசென்ஸ் ஜொகூர் பாலத்தோடு சரி. அதைத் தாண்டி மலேசியாவில் நம் பக்கம் வந்தால் ஒரு ஊசி போட முடியாது. இரண்டு நாடும் ஒரே லைசென்ஸை ஏற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? போன ஆகஸ்டில் லைசென்ஸ் கேட்டு நம் நாட்டு நர்ஸ் வாரியத்துக்கு விண்ணப்பித்தேன், பரீட்சையும் எழுதினேன். பதில் மெர்சிங் வீட்டுக்குத்தான் வருமாம். வந்தால் உடனே சொல்லுங்கள், அன்றைக்கே வேலையை விட்டுவிடுகிறேன். அங்கே நர்ஸாக இருக்கும் லோஷினி, "இங்க ஆள் பத்தல, வந்துருங்க லா அக்கா" என்கிறாள்.

தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது.

உங்கள்
குமாரி

மெர்சிங், ஜொகூர்
24.3.2024

அன்புக் குமாரி,

நலம். மாத்திரை போடுகிறேன். மழைக்காலம் முடிந்து தீவுக்குப் படகுகள் ஓடத் தொடங்கிவிட்டன. டிக்கெட் கவுண்டரில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. அரசாங்கக் காரியம் மெதுவாகத்தான் நடக்கும். அவசரப்பட்டு வேலையை விட்டுவிடாதே.

ஜெயசங்கர்

சிங்கப்பூர்
2.6.2024

அத்தான்,

பொறுக்க முடியாமல் வாரியத்துக்கே போன் செய்தேன். ஒரு தமிழ்ப் பெண்தான் எடுத்தாள். "பிப்ரவரியிலயே லைசென்ஸ அனுப்பிட்டோம் லா அக்கா. உங்க வீட்டுக்காரர் சைன் பண்ணி எடுத்துருக்காங்க" என்றாள். அவள் வேறு யாருடைய பெயரையோ பார்த்துச் சொல்கிறாள் என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படித்தானே?

குமாரி

மெர்சிங்
9.6.2024

குமாரி,

அவள் சொன்னது சரிதான். லைசென்ஸ் என்னிடம்தான் இருக்கிறது.

வேறு பெண் யாரும் இல்லை. முதலில் அதை நம்பு. ஆரம்பத்தில் நீ லீவு முடிந்து பஸ் ஏறினால் எனக்குச் சோறு இறங்காது. பிறகு பழகிவிட்டது. இப்போது நீ வந்து இரண்டு நாள் இருந்தால், எப்போது கிளம்புவாய் என்று மனசு கேட்கிறது. இதை உன்னிடம் எந்த வாயால் சொல்வது? கோழை நான்.

வேண்டுமானால் வா. இது உன் வீடும்தான்.

ஜெயசங்கர்

சிங்கப்பூர்
30.6.2024

அத்தானுக்கு,

கோபம் வந்தது, அழுதேன், ஓய்ந்துவிட்டேன். "வேண்டுமானால் வா" என்று விருந்தாளியிடம்தான் சொல்வார்கள். லைசென்ஸைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். படித்து வாங்கியது, என்னிடமே இருக்கட்டும்.

நேற்று இங்கே வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்தேன். அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று படிவத்தில் ஒரு கேள்வி. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பெயரைத்தான் எழுதினேன். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

கிருஷ்ணகுமாரி