மாடியில் கட்டிய நான்கு கம்பிகள்

அன்பு மாப்ள ஜெயராஜுக்கு,

ஆனையூர் வீட்டு மாடியில் உன் ஆன்டெனா மறுபடியும் நிமிர்ந்து நிற்கிறது. முதல் செய்தி அதுதான்.

நீ போனபின் மாடியில் ஓடு பதித்தோம். அதற்காக அந்த நெட்டைக் குழாயை இறக்கிப் படுக்கப்போட்டவன் நான். ஸ்டெல்லா சும்மா இருக்கவில்லை. பரீட்சை எழுதித் தன் பெயரிலேயே ஹாம் ரேடியோவில் பேசும் உரிமமும் தனக்கென ஓர் அழைப்புக்குறியும் வாங்கிவிட்டாள். உன் மனைவி இப்படிச் செய்வாள் என்று நீ நினைத்திருப்பாயா?

காலை ஏழு மணிக்கு உன் கூட்டாளிகள் இன்றும் வானொலியில் கூடுகிறார்கள். கடைசியாக உன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு தன் குறியைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியனோடு சேர்ந்து குழாயை நிறுத்தினோம். மறுநாள் எல்லார் குரலும் கேட்டது. அவள் மூன்று முறை பேசினாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. மைக்கை மெல்ல வைத்துவிட்டுத் துணி காயப்போடக் கொல்லைக்குப் போய்விட்டாள்.

தேனியிலிருக்கும் உன் நண்பர் தங்கவேலுவுக்குப் போன் செய்தேன்.

"குழாய் அடியில இருந்து நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருப்பாரே. அது இல்லாம அலை வெளிய போகாதுண்ணே. அது எங்க?"

ஜன்னல் வழியே பார்த்தேன். ஸ்டெல்லா சேலையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தது அந்தக் கம்பிகளில்தான். ஓடு பதித்தபோது மாடியிலிருந்து அவிழ்த்து, துணிக்கொடி என்று நினைத்துக் கொல்லையில் கட்டியவன் நானேதான், மாப்ள.

"எம்புட்டு வருசம் நாலு பேர்ட்ட கேட்டுப் பேப்பர்ல செய்தி எழுதுன ஆளு நீ. ஒரு வார்த்தை கேட்டியாண்ணே?" என்றாள். பிறகு, "நானும்தான் இந்தக் கம்பியைப் பத்திப் புத்தகத்துல படிச்சேன். தினமும் துணியும் காயப்போட்டேன். ரெண்டும் ஒண்ணுன்னு தோணலையே" என்று சிரித்தாள். உன் அடக்கத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

மாடியில் அந்தக் கம்பிகளில் துணி காய்ந்த காலத்தில் நீ ஏன் ஒன்றுமே சொல்லவில்லை? தினமும் ஏழு மணிக்கு முன்னால் நீயே எடுத்து மடித்து வைத்துவிடுவாயாமே.

கம்பிகளை மாடிக்கே கொண்டுபோய்க் குழாயடியில் கட்டினோம். நேற்றுக் காலை உன் குறியைச் சொன்னார்கள். மௌனம். ஸ்டெல்லா தன் குறியைச் சொன்னாள்.

"நல்லா கேக்குது. ஜெயராஜ் வீடா?" என்றார் தங்கவேலு.

"வீடு அவரோடதுதான். பேசுறது ஸ்டெல்லா."

கம்பிகள் இனி மாடியிலேயே இருக்கும். துணியும் அதிலேயே காயட்டும். கீழ்வீட்டில்தானே இருக்கிறேன், ஏழு மணிக்கு முன்னால் நான் எடுத்து மடித்து வைத்துவிடுகிறேன்.

ஸ்டெல்லாவின் அண்ணன்,
உன் மச்சான்