அடி வரிசையில் ஒரு விரிசல்

மார்ச் 4

அன்புள்ள முசுடுக்கு,

அக்கா எழுதறேன். நான் நல்லா இருக்கேன். நீயும் உன் வீட்டுக்காரியும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். நம்பறதைத் தவிர வேற வழி? போன் பண்ணினா "ம்", "சரி", "அப்புறம்", அவ்வளவுதான் உன் பேச்சு. தலைமை ஆபீசுக்கு மாத்தலாகிப் போனதிலேருந்து அடையாள அட்டையோட சேர்த்து உன் வாய்க்குப் பூட்டும் மாட்டி விட்டுட்டாங்க போல.

இங்க லேப் எப்பவும் போலத்தான். செயற்கை இதய வால்வைத் தாங்குற கம்பிக்கூட்டை மூணு மெஷினும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணிக்குள்ள ராப்பகலா துடிக்க வச்சுக்கிட்டே இருக்கு. பத்து வருஷம் துடிக்க வேண்டியதை நாலு மாசத்துல துடிச்சு முடிக்கணும். நீ அங்க உட்கார்ந்த இடத்துலேருந்தே ஒரே ராத்திரியில கம்ப்யூட்டர்ல அதையே கணக்குப் போட்டுடறே. கொடுத்து வச்சவன்.

கூடு முதல்ல எந்த இடத்துல விரிசல் விடும்னு நீ இந்த மாசக் கடைசிக்குள்ள எழுதி, உறையில ஒட்டி டைரக்டர்கிட்ட கொடுக்கணுமாமே. அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் போன்லயோ மெயில்லயோ வேலையைப் பத்திப் பேசக்கூடாதுன்னு உத்தரவு வந்திருக்கு. லெட்டரைப் பத்தி யாரும் எதுவும் சொல்லலை. உன் கணக்கு பொய்யாப் போனா உங்க குழுவையே கலைச்சுடுவாங்கன்னு இங்க கேன்டீன்ல பேசிக்கிறாங்க. அதைக் கேட்டதிலேருந்து எனக்குச் சாப்பாடு இறங்கலை.

போன மாசம் நீ காட்டின படத்துல மேல் வரிசைதான் உடையப்போற இடமா சிவப்பா இருந்துச்சு. இன்னைக்குக் காலையில முதல் கூடு போயிடுச்சு. அடி வரிசையில, கம்பி வளையற கால் மூலையில. நான் ஒண்ணும் சொல்லலை, சும்மா எழுதறேன். படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுடு.

உன் அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? மேல் வரிசைன்னு தாளை அச்சடிச்சு மேஜையில வச்சிருந்தேன். உறையில போட்டு ஒட்டுறது மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து உன் லெட்டர் வருது. ரெண்டு நாள் உன்மேல அவ்வளவு கோபம். அதுக்கப்புறம் என்மேல.

கணக்கை மறுபடியும் எடுத்து வச்சுப் பார்த்தேன். இப்ப எதைப் பார்த்தாலும் அடி வரிசையாத்தான் தெரியுது. கம்பி எந்தெந்த இடத்துல எவ்வளவு வழவழப்பா இருக்குன்னு ஒரு எண் போடணும். மேலே நல்ல வழவழப்பு, அடியில கொஞ்சம் சொரசொரப்புன்னு வச்சா, சிவப்பு அப்படியே கீழே இறங்கி வந்துடுது. இது பொய்னு சொல்ல முடியாது. பாலிஷ் போடும்போது அடியில சரியாப் போகாம இருக்கலாம் இல்லையா? இப்படி எனக்கு நானே வக்கீலா வாதாடிக்கிட்டு இருந்தேன்.

என் குழுவுல என்னை நம்பி வந்த மூணு பிள்ளைங்க எதிர்ல உட்கார்ந்திருந்தாங்க. அடி வரிசைன்னே எழுதிக் கொடுத்துட்டேன். பழைய தாளையும் கணக்கையும் அழிச்சாச்சு.

இனிமே இப்படிப் பண்ணாதே. சண்டை போட்டாலும் மனசுக்குள்ள உனக்கு நன்றி சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், அதுதான் எனக்கு அவமானமா இருக்கு.

முசுடு


ஜூன் 21

என் தங்கத்துக்கு,

உறையைப் பிரிச்சப்போ நீ இங்க இருந்திருக்கணும். டைரக்டர் "அடி வரிசை, கால் மூலை"ன்னு படிச்சதும் ரூமே கை தட்டுச்சு. ஓடின கூடு அத்தனையும் அங்கேயேதான் விட்டிருந்துச்சு. உன்னோட நான் நிக்கிற போட்டோவை எல்லாருக்கும் காட்டினேன், பெருமை தாங்கலை.

அடி வரிசைக் கம்பியைத் தடிமனாக்கி வேற கூடு செய்யறாங்க. உன் கணக்கு இவ்வளவு கச்சிதமா சொல்லிட்டதால, புதுக் கூட்டுக்கு நாலு மாசச் சோதனை வேண்டாமாம். மூணு வாரம் ஓட்டிட்டு, மிச்சத்தைக் கம்ப்யூட்டர் சொன்னாப் போதுமாம். அதுக்கப்புறம் நேரா நோயாளிங்களுக்கு. ரெண்டு மெஷினுக்கு உறை போட்டு மூடச் சொல்லிட்டாங்க. கை தட்டின அதே ரூம்லதான் இதையும் சொன்னாங்க. நான் வாயைத் திறக்கலை. எதைச் சொல்லித் திறக்கறது?

மனசு என்னவோ சரியில்லை. பரவாயில்லை, நீ ஜெயிச்சியே, அது போதும்.

உன் அக்கா


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

இதை நிதானமா உட்கார்ந்து படி.

மூடறதுக்கு முன்னாடி மெஷின்களைக் கழுவி வைக்கலாம்னு பிரிச்சேன். கூட்டைப் பிடிச்சிருக்கிற ரப்பர் குழாயோட அடி விளிம்பு காய்ஞ்சு கல்லு மாதிரி ஆயிருக்கு. மூணுலயும் அப்படித்தான். உடைஞ்ச கூடுகளை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்தேன். எல்லாத்துலயும் விரிசல் பக்கத்துலயே தேய்ஞ்ச தடம் இருக்கு. கூடு தானா உடையலைடா. என் குழாய்தான் அதைக் கடிச்சிருக்கு.

உன் கணக்கும் என் மெஷினும் வேற வேற சொல்லியிருந்தா நான் அன்னைக்கே குழாயைக் கழட்டிப் பார்த்திருப்பேன். அதுக்குத்தானே ரெண்டு பேரையும் தனித்தனியா வேலை செய்யச் சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணாச் சொன்னதால யாரும் தேடலை, நானும் தேடலை.

மிச்சமிருந்த ரெண்டு பழைய கூட்டைப் புதுக் குழாய்ல போட்டு ஓட விட்டிருக்கேன். டைரக்டர்கிட்ட குழாய் விஷயத்தைச் சொல்லணும். அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை.

அக்கா


ஜூலை 15

அக்கா,

லெட்டரைப் படிச்சதும் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்துட்டேன்.

குழாயை மட்டும் சொல்லிட்டு மத்ததை விட்டுடலாம்னு நினைக்கறியா? அது முடியாது. என் கணக்குல ரப்பர் குழாயே கிடையாது. இல்லாத குழாய் உண்டாக்கின விரிசலை இவன் எப்படி அச்சு அசலா முன்கூட்டியே சொன்னான்னுதான் முதல் கேள்வி கேப்பாங்க. நீ குழாய்னு சொன்ன நிமிஷமே என்னையும் சொன்ன மாதிரிதான்.

வர்ற முப்பதாம் தேதி டாக்டர்கள் குழு முன்னாடி நான் நின்னு இந்தக் கூடு பத்து வருஷம் தாங்கும்னு விளக்கணும். அது முடியட்டும். அப்புறம் அந்த வழவழப்பு எண்ணைத் திருத்தி, மேல் வரிசையையும் தடிமனாக்கணும்னு நானே வேற காரணம் சொல்லி மாத்திடறேன். யாருக்கும் எதுவும் ஆகாது. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், பொறுத்துக்கோ. என் வாழ்க்கையில உன்கிட்ட இப்படிக் கேட்டதில்லை.

தம்பி


ஜூலை 23

அன்புள்ள தம்பிக்கு,

நேத்து டைரக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். முதல்ல லெட்டர் எழுதினது நான்தான், அவன் கேக்கவே இல்லைன்னு சொன்னேன். அவர் உடனே நோயாளிங்களுக்கு வைக்கிறதை நிறுத்தச் சொல்லி போன் பண்ணினார்.

நீ கேட்டபடி காத்திருக்கத்தான் பார்த்தேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு தாள் வந்துச்சு, முதல் ஆளுக்கு நாள் குறிச்சாச்சுன்னு. ஒரு அம்மா, என் வயசுதான். முப்பத்தொண்ணாம் தேதி. நீ விளக்கம் சொல்லி முடிச்ச மறுநாள். நீ மாத்தறதுக்குள்ள அது அவங்க நெஞ்சுக்குள்ள போயிடும்டா.

என்னைத் திட்டு. உன் பொழைப்புல மண்ணை வாரிப் போட்டவ நான்தான், இப்ப இல்லை, மார்ச் மாசமே. ஸ்கூல்ல உன் நோட்டுல படம் வரைஞ்சு கொடுத்ததிலேருந்து எனக்கு இந்தப் புத்தி. உனக்கு உதவி பண்றதா நினைச்சேன். யோசிச்சுப் பார்த்தா, நீ தோத்துடுவேன்னு நானே முடிவு பண்ணியிருக்கேன். உன்மேல உயிரையே வச்சிருக்கேன், ஆனா நம்பிக்கை வைக்கலை.

ஒரு வரி போடு.

உன் அக்கா


நவம்பர் 30

என் அன்புத் தம்பிக்கு,

நீ வேலையை விட்டுட்டேன்னு மத்தவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. புது அட்ரஸை உன் வீட்டுக்காரிகிட்ட கெஞ்சி வாங்கினேன், அவளைக் கோபிச்சுக்காதே. மூணு லெட்டர் போட்டேன், பதில் இல்லை. எனக்கு வேலை போகலை, பொறுப்புதான் போச்சு. இப்ப வேற ஒருத்தர்கீழ அதே மெஷின்களைப் பார்த்துக்கறேன்.

புதுக் குழாய்ல ஓடின ரெண்டு கூடும் முடிஞ்சுது. ரெண்டும் மேல் வரிசையில விட்டிருக்கு. நீ பிப்ரவரியில சிவப்பா காட்டினியே, அதே இடம். தேய்ஞ்ச தடம் எதுவும் இல்லை, நாலு பேர் பார்த்தாச்சு.

உன் கணக்குதான்டா சரி. யாரும் சொல்லித் தராம நீயா போட்டது. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, அந்த முதல் தாள் எங்கேயாவது இருக்குமான்னு கேட்டார். அழிச்சாச்சுன்னு சொன்னேன். அவர் உச்சுக் கொட்டினார்.

நான் அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்பே. ஊரே நம்பாட்டியும் பரவாயில்லை, நீ தெரிஞ்சுக்கணும். உன்னைப் பார்க்கணும் போல இருக்கு.

உன் அக்கா


டிசம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நவம்பர் கடைசியில போட்ட உறை வந்துச்சு. பிரிக்கலை. இதோட வச்சுத் திருப்பி அனுப்பறேன். ஜூலைக்கு அப்புறம் வந்த மூணும் அலமாரியில பிரிக்காமலேதான் இருக்கு.

மெஷின் ஓட்டம் முடிஞ்சிருக்கும்னு நாள் கணக்கை வச்சே தெரியும். நீ என்னைச் சமாதானப்படுத்த எழுதியிருப்பே. உன்னால வேற மாதிரி எழுத முடியாது. நான் தப்பாப் போட்டிருந்தாலும் சரியாப் போட்டேன்னுதான் எழுதுவே, நானும் அதை நம்பிடுவேன். அதுக்காகத்தான் பிரிக்கலை.

இங்க வேற வேலை. கணக்குதான், சின்னதா. நானே போடறேன், தப்பானா நானே திருத்தறேன். இதுல நான் எவ்வளவு தேறுவேன்னு எனக்கே தெரியணும்.

உன்மேல கோபம் இல்லை. நீ போய்ச் சொன்னது சரிதான், அந்த அம்மா எங்கேயோ நல்லா இருப்பாங்க. ஆனாலும் எழுதாதே. நானே எழுதற வரைக்கும் எழுதாதே.

குளிர்ல முட்டி வலிக்கும் உனக்கு, பார்த்துக்கோ.

தம்பி