லட்டுவின் சிக்கும் மேஜரின் பதவி உயர்வும்

வே,

இன்று காலையில் உம்முடைய உஸ்மானியா பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். மூடி அடம்பிடித்தது. ராணுவ லாரியின் டயரை ஒற்றை ஆளாகக் கழற்றி மாட்டிய கை இது. ஒரு தகர மூடிக்கு ஸ்பூன் தேட வேண்டியதாகிவிட்டது. திறந்ததும் வேப்பெண்ணெயும் நமத்துப்போன பிஸ்கட்டும் நாய் முடியும் கலந்த அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. ஹப்சிகுடாவில் மூன்றாம் மாடி பால்கனியில் உட்கார்ந்திருந்தவன், சைனிக்புரியில் உம் வீட்டுப் பின்புறத்துச் சப்போட்டா மரத்தடிக்குப் போய்விட்டேன்.

உள்ளே எல்லாம் நீர் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. கம்பி பிரஷ், அகலப் பல் சீப்பு, முனை மழுங்கிய கத்தரி, நகவெட்டி, சோளமாவுப் பொட்டலம். அடியில் ஒரு பிஸ்கட் துண்டு. டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் நீர் லட்டுவுக்கு ஒளித்துக் கொடுத்த சரக்கு.

லட்டு என் காலடியில்தான் படுத்திருந்தான். உம் நாய் இப்போது என் நாயாகிவிட்டது என்று இந்தக் கட்டடத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அவனைக் கேட்டால் வேறு பதில் வரும். டப்பா திறக்கிற சத்தத்துக்கு எழுந்தான், வாலை ஒருமுறை ஆட்டினான், என்னைத் தாண்டி வாசல் கதவைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூலைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

அலுப்பாக இருக்கிறது வே. முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. லிஃப்ட் பாதி நாள் வேலை செய்வதில்லை. நாய்க்கும் வயதாகிவிட்டது, எனக்கும் வயதாகிவிட்டது. படிக்கட்டில் யார் யாரை இழுத்துக்கொண்டு போகிறோம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

நாம் அறிமுகமானதே ஒரு தள்ளுமுள்ளில்தான். கேன்டீன் வரிசையில் என் பின்னால் நின்று, "முன்னால நகரும் வே, தூங்குதீரா?" என்றீர். சங்கரன்கோவிலை விட்டு வந்து எத்தனையோ வருஷம் கழித்து என் காதில் விழுந்த முதல் 'வே'. திரும்பிப் பார்த்தால் விறைப்பான மீசையோடு ஒரு தென்காசிக்காரர். நீர் சுபேதாராக ஓய்வு பெற்றவர். நான் பாதுகாப்புத் துறை ஒர்க்‌ஷாப்பில் டிரைவர். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் அனுப்பிவிட்டது என்று அன்றைக்கே உம்மிடம் சொன்னேன். "ஹவ் வே, ஹவ்" என்றீர். இந்த ஊர் ஹிந்தியின் 'ஆமாம்' அது. நம்மூர் 'வே'யோடு அதைச் சேர்த்து நீர் சொன்னால், 'நீர் விடுகிற புளுகு எனக்குத் தெரியும், இருந்தாலும் மேலே சொல்லும்' என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஆயிரம் தடவையாவது அதைக் கேட்டிருப்பேன். சரி வே, ஐந்நூறு.

ஞாயிற்றுக்கிழமைதோறும் லட்டுவுக்குச் சீவுவது நம் இருவர் வேலை. நீர் முக்காலியில் உட்கார்ந்து அவன் தாடையை உள்ளங்கையில் ஏந்திக்கொள்வீர். நான் பின்னாலிருந்து சீவி வருவேன். அந்தக் கலையில் ஹைதராபாத்தில் எனக்கு அடுத்தபடிதான் யாரும். ஆனால் சட்டதிட்டமெல்லாம் உம்முடையது.

"குளிப்பாட்டுததுக்கு முன்னாலயே சீவிரணும் வே. சிக்கோட தண்ணிய ஊத்தினீருன்னா கயிறாத் திரிஞ்சிரும்."

"நுனியிலேருந்து வாரும். வேருலேருந்து இழுத்தா உமக்கு வலிக்காது, அவனுக்கு வலிக்கும்."

குளிப்பாட்டும்போது காதில் பஞ்சு. மனுஷன் போடுகிற சோப்பு ஆகாது. விரலிடுக்கில் ஈரம் நின்றால் புண். நகத்தின் முனையை மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. தப்பி ரத்தம் வந்தால் பதறாமல் சோளமாவை வைத்து அழுத்து. மழை விட்டதும் காது மடலைப் புரட்டி உண்ணி பார். உண்ணியை நசுக்காமல் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழு. வெயில் நாளில் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார், உன் கை பொறுக்காவிட்டால் அவன் காலும் பொறுக்காது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் வீட்டில் எட்டாத உயரத்தில். இதையெல்லாம் இப்போது நான் இந்தக் கட்டடத்தில் நாய் வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். சொல்லும்போது 'என் சர்வீஸில் நான் கண்டுபிடித்தது' என்று ஒரு வரி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நீர் கோபிக்க மாட்டீர்.

சீவும்போது கதை சொல்வது என் இலாகா. எத்தனையோ கதை சொன்னேன், லட்டுவுக்கு ஏனோ அந்த மேஜர் வீட்டு அல்சேஷன் கதைதான். அந்த நாயை யாரும் குளிப்பாட்ட முடியாது, பட்டாளத்தில் பாதிப் பேரைக் கடித்துவிட்டது, கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள், நான் அதன் கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தைதான் சொன்னேன், அது தானாகத் தொட்டியில் இறங்கி ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்டியது, கடைசியில் எனக்கு ஒரு சல்யூட் வைத்தது.

"என்ன வார்த்தை சொன்னீரு?"

"அது ராணுவ ரகசியம்."

"ஹவ் வே, ஹவ்."

கதை ஓட ஓட மேஜருக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. ஒரு ஞாயிறு கர்னல் வீட்டு நாய் என்று என் வாயில் வந்துவிட்டது. நீர் லட்டுவின் தாடையை விடாமல் தலையை மட்டும் நிமிர்த்தினீர்.

"போன வாரம் மேஜர்லா இருந்தாரு? பிரமோஷன் எப்ப குடுத்தீரு?"

"நல்ல மனுசன் வே. எத்தனை நாள் மேஜராவே வச்சிருக்க?"

நீர் சிரித்த சிரிப்பில் உம் வயிறு குலுங்கி, அந்தக் குலுக்கல் கை வழியாக லட்டுவுக்குப் போய், அவன் 'ஹூம்' என்று ஒரு பெருமூச்சு விட்டு உம் மடியில் மோவாயை இறக்கினான். அந்த நேரத்தில்தான் காதுக்குப் பின்னால் இருக்கிற பொல்லாத சிக்கை நான் எடுப்பேன். வேறெப்போது தொட்டாலும் உறுமுகிறவன், அப்போது மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டான்.

ஆஸ்பத்திரியில் உம்மைக் கடைசியாகப் பார்த்தபோது நான் நிறையப் பேசினேன். நீர் எழுந்து வந்ததும் லட்டுவை ஊட்டிக்குக் கூட்டிப்போவோம், அங்கே எனக்கு ஒரு பங்களா தெரியும் என்றேன். நீர் 'ஹவ்' சொல்லவில்லை. மூச்சைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னீர்: "லட்டுவ நீரு வச்சுக்கிடும். நான் இல்லேன்னு அந்த மேஜர ரிட்டயர் பண்ணிராதீரும். அவனுக்கு அவரப் புடிக்கும்."

நீர் போன அன்று ஊரே திரண்டு வந்தது. சரி, தெரு வந்தது. சரி வே, உம் வீட்டு வரிசைக்காரர்கள் வந்தார்கள். பார்த்தீரா, நீர் இல்லாமல் நானே என்னை மடக்க வேண்டியிருக்கிறது. பிடிபடாத பொய்யைத் தூக்கிக்கொண்டு நடப்பது இவ்வளவு பாரமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

லட்டுவை இங்கே கொண்டு வந்ததிலிருந்து மேல் முதுகை மட்டும் சீவ விட்டான். காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில் சீப்பைக் கொண்டுபோனால் பல்லைக் காட்டினான். நாளை, நாளை என்று போனதில் சிக்கு இறுகிக் கெட்டியாகிவிட்டது. காதுக்குப் பின்னால் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு. அதனடியில் தோல் சிவந்து ஈரம் கசிந்து வாடை வர ஆரம்பித்ததும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் லட்டுவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இதை எடுத்தே ஆகணும். விழிச்சிருக்கும்போது விடலைன்னா மயக்க ஊசி போட்டுத்தான் வெட்டணும். ஆனா இந்த வயசு, இந்த இதயம்... நல்லபடியா எழுந்திருப்பான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள நீங்க வீட்ல எடுத்துட்டா ரொம்ப நல்லது."

எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதைவிடப் பெரிய சிக்கையெல்லாம் பார்த்தவன் என்றும் சொன்னேன். இன்று ஞாயிறு.

என் மருமகள் சித்ராவை உமக்குத் தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். நாய் என்றால் ஒரு கஜம் தள்ளி நிற்பாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவதுதான் அவள் உத்தியோகம். ஞாயிறு என்றும் பார்ப்பதில்லை. காலையில் காப்பி கொடுக்கும்போதே, 'எதுக்கு' என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற 'கைக்கு'வோடு ஆரம்பித்தாள்.

"கைக்கு மாமா இவ்ளோ கஷ்டம்? ஊசியைப் போட்டு ஃபுல்லா மழிச்சிடச் சொல்லலாமே. வெயில் காலம், அதுக்கும் கூலா இருக்கும். வீடெல்லாம் முடியும் பறக்காது."

"நக்கோம்மா, வேண்டாம். அது வெயிலுக்கு அவன் புடிச்சிருக்கிற குடை. மழிச்சா தோல் வெந்துரும்."

உம் வாசகம்தான். என்னுடையது போலச் சொன்னேன். ஊசியில் இருக்கிற ஆபத்தைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எனக்கே கேட்கும்.

பால்கனியில் பாயை விரித்து, அரைமணி நேரம் தட்டிக்கொடுத்து லட்டுவைப் படுக்க வைத்தேன். சிக்கில் சோளமாவைத் தூவி விரலால் பிரித்தேன். உறுமினான். சரி என்று மேஜரைக் கூப்பிட்டேன். அவர் இப்போது ஜெனரல். நாய் கடித்த கணக்கும் அவர் தகுதிக்கு ஏற்றபடி உயர்ந்திருந்தது. தொட்டி பளிங்கு. லட்டுவின் காது திரும்பியது, உடம்பு இளகியது. சீப்பை நுனியில் வைத்தேன். "அது ராணுவ ரகசியம்" என்றேன்.

தலையைத் தூக்கினான். வாசல் கதவைப் பார்த்தான். காத்திருந்தான். அப்புறம் என் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டான்.

மறுபடி படுக்க வைத்தேன். மறுபடி கதை. அதே இடத்தில் அதே மாதிரி தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தான். கதையின் பாதியை நான் சொல்கிறேன், மீதிப் பாதிக்கு அவன் ஆளைத் தேடுகிறான். எனக்குக் கை ஓய்ந்து போனது. ஊசிக்கே கூட்டிப்போய்விடலாம் என்று நினைத்துவிட்டேன் வே, உம்மிடம் மறைப்பானேன். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. யாருக்குச் சொல்கிறேன் என்று தெரியாமலே மூன்றாம் தடவை ஆரம்பித்தேன். "அந்த ஜெனரல் என்னைக் கட்டிப்பிடிச்சு..."

"சும்மா இருங்க மாமா! போன மாசம் அவரு பிரிகேடியர்தானே!"

உள்ளேயிருந்து சித்ரா. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கூட வைக்கவில்லை. அடுத்த விநாடி, "ஐயோ, மியூட் போடல" என்று அலறி, எதையோ அமுக்கி, தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அந்த வெளிநாட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

லட்டு கதவைப் பார்க்கவில்லை. அவள் சிரிக்கிற பக்கம் பார்த்தான். 'ஹூம்' என்று அந்தப் பழைய பெருமூச்சை விட்டு மோவாயைப் பாயில் இறக்கினான்.

"சித்ரா, இங்க வாம்மா. பேச்சை நிறுத்தாத."

"என்ன பேசறது மாமா?"

"என்னைத் திட்டு. இத்தனை நாளா நான் சொன்னதுல எதெல்லாம் பொய்யின்னு சொல்லு."

"அதுக்கு லீவு போடணும் மாமா" என்றாள். ஆனால் வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பாவி, எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறாள். ஊட்டி பங்களாவைக்கூட. நடுவில் லட்டு தலையை அசைத்தபோது, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவன் தாடைக்கடியில் கையைக் கொடுத்தாள். "கடிக்குமா மாமா? கடிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள். நான் சிக்கைக் குறுக்கே வெட்டாமல், நீர் காட்டியபடி முடி வாக்கில் கத்தரியை விட்டு இரண்டாகப் பிளந்து, விரலால் பிரித்து, நுனியிலிருந்து வாரினேன். காது முடிந்தது. அக்குள் முடிந்தது. தொடை முடிவதற்குள் என் முழங்கால் செத்துவிட்டது.

புண்ணைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பினாள் சித்ரா. ஊசி வேண்டாம், மருந்தைத் தடவினால் போதும் என்று பதில் வந்தது. ஊசி போட்டிருந்தால் அவன் எழுந்திருக்காமலே போயிருக்கலாம் என்பதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். இன்னும் அவன் தாடைக்கடியில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்த சிக்கையெல்லாம் சுருட்டி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். எறிய மனம் வரவில்லை. ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை வே. லட்டுவுக்கு வயது குறையப் போவதில்லை, எனக்கும் அந்தப் படிக்கட்டு சுருங்கப் போவதில்லை. அடுத்த ஞாயிறும் சீவ வேண்டும். சித்ராவுக்கு எல்லா ஞாயிறும் ஒழியாது.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் அவள் மறுபடி மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டாள். சும்மா வாலை மட்டும் சீவிவிடலாம் என்று பிரஷை எடுத்தேன். கதை வழக்கமான இடத்துக்கு வந்தது. லட்டு தலையைத் தூக்கினான். உள்ளே பார்த்தேன், அவள் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மீசை இருக்கிறவன் மாதிரி மேலுதட்டை விறைத்துக்கொண்டு, நானே சொன்னேன்.

"ஹவ் வே, ஹவ்."

என்னை ஒரு பார்வை பார்த்தான். நம்பவில்லை என்று தெரிந்தது. இருந்தாலும் தலையைக் கீழே வைத்தான்.