தினம் இருபது கிராம்

அக்கா,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், உன் தம்பி இன்று யாரும் சொல்லாமலே தலை சீவினான்! குறைமாதத்தில் பிறந்த உன் மகளுக்கு ஆஸ்பத்திரி உதவிப் பிரிவில் மனுக் கொடுக்க நான் தன்னந்தனியாகப் போனேன். உன் வார்டுக்குள் போன் கூடாதாமே, அதனால்தான் கடிதம்.

மனுவில் ‘நோயாளியின் தொழில்’ என்று இருந்தது. ‘கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்குவது’ என்று எழுதினேன். வருமானம்? ‘தினம் இருபது கிராம் எடை.’

உதவிப் பிரிவு மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். “இவ்ளோ உழைக்கிற பொண்ணுக்குக் கொடுக்காம வேற யாருக்குப்பா கொடுக்கிறது?”

ஆக்சிஜன் கருவி இருந்தால்தான் பாப்பாவை வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்களே, அது இலவசமாக வருகிறது. வாரம் ஒருமுறை நர்ஸும் வீட்டுக்கே வருவார். அந்த மேடம் மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் நாலு இடத்துக்குப் போன் போட்டு முடித்துக் கொடுத்தார். என்ன மனுஷி!

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ‘குழந்தையின் நிலை’ என்ற இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை, அழுதுவிட்டேன். மேடம்தான் புதுத் தாள் எடுத்து முழுவதையும் எழுதினார். தனியாகவும் போகவில்லை. பாப்பாவின் அப்பாவாகக் கையெழுத்துப் போட்டது மாமா. நான் மூக்கைத் துடைத்ததும் அவர் சட்டையில்தான்.

இப்படிக்கு,
உன் வீட்டு வால்