ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் அழிக்காதே

அன்பு மகள் ஜெமேலிக்கு,

உன் அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் மூன்று மாடுகளும் நலம், மக்காச்சோளம் கதிர் முற்றி நிற்கிறது, இன்னும் மூன்று வாரத்தில் ஒடித்துவிடலாம். அங்கே ஜப்பானில் நீ எப்படி இருக்கிறாய், முழங்கால் வலி குறைந்ததா, அந்த ஊர்ச் சோறு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை. போனில் பேசினால் முடிந்தது, எதற்கு இத்தனை காகிதம் என்று நீ நினைப்பாய். போனை நம்பித்தான் இவ்வளவும் நடந்தது, அதனால் காகிதம். இதை உங்கள் பக்கத்து ஊர்க் குழுவில் சேர நாளை மறுநாள் விமானம் ஏறுகிற கிபியேகோனிடம் உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கிறேன். உறை பிரிந்திருந்தால் உடனே எனக்குத் தெரிவி. நல்ல பையன்தான், ஆனால் என் முப்பது வருட போலீஸ் வேலையில் நான் உள்ளே தள்ளியவர்களில் பாதிப்பேரை ஊரே நல்ல பையன் என்றுதான் சொன்னது.

போன வாரம் நீ போனில் அழுதாயே, அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முழங்காலுக்கு ஓய்வு கொடு, ஒரு மாதம் ஓடாதே என்று சொன்ன உன் பயிற்சியாளர் ஒகிமோட்டோவே உன்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, செவ்வாய், வியாழன், சனி என்று நடுப்பகலில், மற்றவர்கள் எல்லாம் தூங்குகிற நேரத்தில், திருட்டுத்தனமாக ஓடிவிட்டு வந்து பொய் சொல்கிறாய் என்றாராம். அது போதாது என்று குழு டாக்டர் வேறு, ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா இருக்கும்போதே உன் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக ஏறி இறங்குகிறது என்று சந்தேகப்படுகிறாராம். பொய்க்காரி என்றாலும் நோயாளி என்றாலும் நவம்பர் தொடர் ஓட்டத்தில் உனக்கு இடமில்லை, விமானம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னாய். "நான் ஓடவே இல்லப்பா, காலைத் தலகாணி மேல வச்சிட்டுப் படுத்துதான் கெடக்கேன்" என்று நீ விம்மினது இன்னும் காதில் இருக்கிறது. யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே, அப்பா விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். விசாரித்துவிட்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் எதையும் தாண்டிப் படிக்காதே.

முதலில் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன், கோபித்துக்கொள்ளாதே. காய்ச்சலோடு பள்ளி ஓட்டத்துக்குப் பின்வாசல் வழியாகப் போனவள் நீ. ஆனால் அந்த அழுகை பொய் அழுகை இல்லை, பொய் அழுகை எனக்குத் தெரியும். அடுத்தது ஒகிமோட்டோ. உன் இடத்தில் வேறு எந்தப் பெண்ணையாவது நுழைக்கப் பார்க்கிறாரோ என்று இரண்டு நாள் அவரைக் கரித்துக்கொட்டினேன். அப்புறம் நீ ஜனவரியில் போனபோது சொன்னது ஞாபகம் வந்தது, குழுவில் சேருகிறவர்கள் கைக்கடிகாரமும் போனும் சேர்த்து வைத்த தங்கள் பழைய ஓட்டக் கணக்கையெல்லாம் குழுவின் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும் என்றாயே, அதை உனக்குச் செய்து கொடுத்தது யார்? என் தங்கை மகன் கிபோர். மட்டாட்டு வண்டி நிற்கிற இடத்தில் போன் கடை வைத்துக்கொண்டு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் யோசனை சொல்கிறவன். போய் எதிரில் நின்றேன். "மாமா, நான் என்ன கொலையா பண்ணேன், பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் கோத்துவிட்டேன், அவ்ளோதான், ஒரு தடவ கோத்துட்டாப் போதும், அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்" என்றான், பெருமையாக வேறு. அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. தொட்டியை நிரப்பக் குழாயைத் திறந்துவிட்டவன் தொட்டி நிரம்பியதும் மூட வேண்டாமா? நீ போய் எட்டு மாதமாகக் குழாய் திறந்தே கிடக்கிறது.

அப்படியானால் இந்தப் பக்கத்திலிருந்து எதுவோ உன் பழைய கணக்கில் விழுந்துகொண்டிருக்கிறது. உன் பழைய போன் நம் அடுக்களையில்தான் இருக்கிறது, அம்மா அதில் ஜெபப் பாட்டு கேட்பாள். அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்க் கிபோரிடம் கொடுத்தேன். திறந்து பார்த்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வரைபடம் இருக்கிறது மகளே, பள்ளிக்கூட வாசலில் தொடங்கி நம் செம்மண் சாலை, அப்புறம் காட்டோரம். இட்டென் ஊர்ச் சாலை எனக்குத் தெரியாதா? குழுவின் கணக்குக்குப் போகும்போது இந்த வரைபடமும், எந்தக் கடிகாரத்திலிருந்து வந்தது என்கிற வரியும் கூடவே போவதில்லையாம், தூரமும் நேரமும் நெஞ்சுத் துடிப்பும் மட்டும்தான் போய்ச் சேருமாம். அதனால் ஒகிமோட்டோவுக்கு எல்லாம் உன் ஓட்டமாகவே தெரிந்திருக்கிறது. நீ ஓடிக்கொண்டிருந்தவரை இதுவும் அதுவும் கலந்து கிடந்தது, நீ படுத்த பிறகுதான் இது தனியாகத் தெரிந்தது. உங்கள் நடுப்பகல் நமக்குக் காலை ஆறு மணி. ஆறு மணிக்கு இந்த ஊரில் ஓடாதவன் யார்? சந்தேகப்பட ஆரம்பித்தால் ஊரையே நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். நீ அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன பழைய கைக்கடிகாரம் அதில் இல்லை. எங்கே என்று கேட்டேன். "பெட்டியிலதான் இருக்கும், நல்லாத் தேடுங்க" என்றாள், என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு. கேள்வி கேட்கிறவன் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்கிறவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். மறுநாள் பால் கொண்டுபோகிற மாதிரி கிளம்பி, பாலை அடுத்த வீட்டில் இறக்கிவிட்டு, கம்பளிக் கோட்டோடு சாலையோர சைப்ரஸ் மரத்துக்குப் பின்னால் நின்றேன். பெண்கள் கூட்டமாக ஓடிவந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஜெலகாட், இங்கே உன் பழைய கூட்டத்தில் உனக்கு அடுத்து ஓடினவள், இடது கைச் சட்டையை மட்டும் இழுத்து மூடினாள். குளிருக்கு மூடுகிறவள் இரண்டு கையையும் அல்லவா மூடுவாள். பின்னாலேயே போனேன். ஓடி முடித்து எங்கே போனார்கள் என்கிறாய்? என் வீட்டுக்கு! என் அடுக்களைக்கு! ஜெலகாட், ஜெருட்டோ, இன்னொரு புதுப்பெண், மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து டீயும் முர்சிக் தயிருமாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் தினமும் பால் ஊற்றப் போகிற நேரம் பார்த்து இந்தக் கச்சேரி நடந்திருக்கிறது. உன் அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "வாங்க சார்ஜென்ட், டீ குடிச்சிட்டு விசாரிக்கலாம்" என்கிறாள்.

ஜெலகாட்தான் பாவம், டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "தப்பா நெனைக்காதீங்கப்பா, அக்கா போகும்போது ஷூவ எனக்குத்தானே விட்டுட்டுப் போனாங்க, வாட்சும் அப்படித்தான்னு அம்மா குடுத்தாங்க" என்றாள். வெளிநாடு போகிறவள் அடுத்து ஓடுகிறவளுக்குக் காலணியை விட்டுப் போவது நம் ஊர் வழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலணிக்கு வாய் கிடையாதே. அம்மாவைக் கேட்டால், "ஓடற ஊருல ஓடற சாமானப் பெட்டியில பூட்டி வச்சா உருப்படுமா, ஒருத்திக்கே குடுத்தா மத்தவ மொகம் வாடும், அதான் ஆளுக்கொரு நாள்" என்றாள். செவ்வாய் ஜெலகாட், வியாழன் ஜெருட்டோ, சனி அந்தப் புதுப்பெண். மூன்று நெஞ்சு, ஒரே பேர். இவர்கள் அடுக்களையில் டீ குடிக்கிற நேரத்தில் கடிகாரம் அலமாரியில் இருக்கிற போனிடம் சொல்கிறது, போன் உன் பழைய கணக்கிடம் சொல்கிறது, டீ ஆறுவதற்குள் எல்லாம் ஜப்பானுக்குப் போய்விடுகிறது.

கிபோரை இழுத்துவந்து பழைய கணக்கில் அந்தக் கோர்வையை அறுக்கச் சொன்னேன். போனிலிருந்தும் உன் கணக்கை வெளியே எடுத்தாயிற்று. அவன் சொன்னால் நான் நம்ப வேண்டுமா, மூன்று தடவை அணைத்து ஏற்றிக் காட்டச் சொன்னேன். ஜெலகாட்டைக் கடிகாரத்தோடு மாட்டுக் கொட்டகையைச் சுற்றி ஓடவிட்டேன், உன் கணக்கில் அது வந்திருந்தால் சொல், கிபோரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் அந்தப் பக்கம் குழுவின் கணக்கில், அமைப்புகளில் போய், எதெதோடு கோத்திருக்கிறது என்று பார்த்துப் பழைய கணக்கின் பேரை எடுத்துவிடு. ஒரு பக்கம் அறுத்தால் போதும் என்கிறான் கிபோர், எனக்கு நம்பிக்கை இல்லை. வரைபடங்களைப் படமாக எடுத்து அச்சடித்து இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், மூன்று பெண்களிடமும் தனித்தனியாக வாக்குமூலம் எழுதி வாங்கிக் கையெழுத்தும் போட வைத்து அதோடு சேர்த்திருக்கிறேன். முதலில் இவற்றை ஒகிமோட்டோவின் கையில் கொடு, அவர் பார்த்த பிறகு செவ்வாயையும் வியாழனையும் சனியையும் அழி, அதற்கு முன்னால் அழித்தால் எதையோ மறைக்கிறாய் என்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் சொல்வேன்.

"கேஸ் முடிஞ்சுது மாமா" என்று கிபோர் கிளம்பினான். உட்காருடா என்றேன். ஞாயிற்றுக்கிழமை யார்? பெண்களைக் கேட்டேன், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஞாயித்துக்கெழம நாங்க யாருமே ஓடமாட்டோமேப்பா, கோயிலுக்குல்ல போவோம்" என்றார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கிபோரை அந்த வரைபடத்தைத் திறக்கச் சொன்னேன். அது ஓட்டமே இல்லை. நம் வாசலில் தொடங்கி மெதுவாகக் கோயில்வரை, கோயிலிலிருந்து திரும்ப நம் வாசல்வரை. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஒரு நிறுத்தம், கொஞ்சம் தள்ளி இன்னொரு நிறுத்தம். நிற்கிற இடத்தில் துடிப்பைப் பார்த்தால் ஜெலகாட் மலை ஏறி ஓடுகிறபோது இருக்கிற அளவு இருக்கிறது, சட்டென்று விழுகிறது, மறுபடி ஏறுகிறது. நான் நிமிர்ந்து உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் நானும் மாடுகளும் நலம் என்று எழுதிவிட்டு அம்மாவை விட்டுவிட்டேன் என்பதை நீ அப்போதே கவனித்திருப்பாய், நீ என் மகள். சனிக்கிழமை பெண்கள் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை அவள் அதைக் கட்டிக்கொண்டு, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டதற்கு, "எம் புள்ள கையில கெடந்தது, வாரத்துல ஒரு நாளு எங் கையில கெடக்கட்டுமே" என்றாள். நெஞ்சு அடித்துக்கொள்வது விதைப்பு நாளிலிருந்தே இருக்கிறதாம், வயசானா அப்படித்தானே என்று இருந்துவிட்டாளாம். கொஞ்ச நாளாகவே பால் கறப்பதைப் பாதியில் விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிடுவாள், வேலையை என் தலையில் கட்டுகிறாள் என்று சந்தேகப்பட்டேன். ஞாயிறுதோறும் அந்த மேட்டில் நிற்பாள், கெரியோ பள்ளத்தாக்கை வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்து, சீக்கிரம் வா, பிரசங்கம் தொடங்கிவிடும் என்று நான் முன்னால் நடந்துகொண்டே இருந்திருக்கிறேன். ஊரில் ஒருவரை விடாமல் சந்தேகப்பட்டவன் பக்கத்தில் நடந்தவளைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது ஜெமேலி, அதைவிடப் பயமாக இருக்கிறது.

உங்கள் டாக்டர் சொன்னது சரிதான், ஆள்தான் வேறு. இங்கே ஆஸ்பத்திரி நர்ஸ் காதில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு எல்டோரெட் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார், பெரிய டாக்டரைப் பார்க்க அடுத்த வாரக் கடைசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை நாளாக இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நர்ஸ் கேட்டதற்கு உன் அம்மா, எப்பவாவது வரும் போகும் என்கிறாள். அவள் பேச்சை நான் நம்பத் தயாராக இல்லை. பழைய கணக்கு காசு கட்டாத கணக்கு, ஒரு மாதத்துக்கு மேல் துடிப்பு விவரத்தை வைத்துக்கொள்ளாதாம். விதைப்பு நாளிலிருந்து உள்ள ஞாயிறெல்லாம் உன் குழுவின் கணக்கில் மட்டும்தான் இருக்கிறது. உன் அம்மாவின் நெஞ்சு இத்தனை மாதமாக உன் பேரில் அங்கே துடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் அழிக்காதே. உங்கள் டாக்டரிடம் இது என் அம்மாவுடையது என்று சொல்லி, இங்கிலீஷில் எழுதி வாங்கி, எல்லாவற்றையும் கிபோரின் போனுக்கு அனுப்பு. அவனை நம்புகிறேன் என்று அவனிடம் சொல்லிவிடாதே.

தொடர் ஓட்டம் முடிகிறவரை புள்ளகிட்ட மூச்சு விடக்கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. இவ்வளவு நீளமாக என்ன எழுதுகிறீர்கள் என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள், கேஸ் அறிக்கை என்றேன், நம்பவில்லை. நீ போனில் பேசும்போது தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளாதே, உன் குரல் மாறினால் அவள் பிடித்துவிடுவாள், இந்த வீட்டில் உண்மையான போலீஸ் அவள்தான். அடித்துப்பிடித்து இங்கே ஓடிவராதே, முழங்காலைச் சரிசெய்து உன் ஓட்டத்தை ஓடு, அவளுக்கு அதைவிட மருந்து இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்குத் தலையை மூடு, உன் கடிகாரத்தை யார் கேட்டாலும் கழற்றிக் கொடுக்காதே.

ஆண்டவர் உன் காலையும் உன் பேரையும் காப்பாற்றட்டும். நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், முதலில் ஞாயிறுகளை எடுத்துப் பத்திரமாக வை, அப்புறம் மற்றதை அழி.

உன் அன்பு அப்பா,
சாலமன் கிமாயோ,
ஓய்வு பெற்ற சார்ஜென்ட், இட்டென்.

ஒன்று விட்டுவிட்டேன். ஜெலகாட் தானாகவே வந்து கடிகாரத்தை அம்மா கையில் கட்டிவிட்டுப் போனாள், இனி ஏழு நாளும் அவள் கையில்தான். கிபோரிடம் சொல்லி, இந்த முறை உன் அம்மாவின் சொந்தப் பேரிலேயே ஒரு கணக்குத் திறந்திருக்கிறேன். அவள் முக்காலியில் உட்காரும்போதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.